ஆல்டிரெத்தில் யாரும் கேட்பதில்லை

ஆல்டிரெத் கல்லூரியில் யாரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று சூப் குடித்துக்கொண்டே கேட்பார்கள். உன் புத்தகத்தை அந்தப் பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்களே, பார்த்தாயா என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். கல்லூரிக் கூட்டத்தில் ஓட்டு எந்தப் பக்கம் போடப்போகிறாய் என்று மட்டும் கேட்கமாட்டார்கள். கேட்பது கிடக்கட்டும், தானாகச் சொல்ல ஒருத்தி வாயெடுத்தாலே எதிரில் இருப்பவள் எழுந்து போய்விடுவாள்.

அது தொடக்ககாலத்து வழக்கம். பெண்களுக்குப் பட்டம் தரலாமா கூடாதா என்று பல்கலைக்கழகம் ஓட்டுக்கு விட்ட வருஷம், கூடாது என்ற கட்சிக்காரர்கள் லண்டனிலிருந்து தனி ரயில் விட்டுப் பழைய மாணவர்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதிரிகளும் வக்கீல்களுமாக வந்து இறங்கியவர்களுக்கு ஸ்டேஷனிலேயே விருந்து வைத்து, எந்தப் பக்கம் கைதூக்க வேண்டும் என்று காதில் ஓதி அனுப்பினார்கள். பெண்கள் தோற்றார்கள். அன்று சாயங்காலம் ஊர்ப் பையன்கள் ஆல்டிரெத்தின் கீழ்த்தள ஜன்னல் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்த வாரமே கல்லூரியின் முதல்வராக இருந்த அம்மாள் இரண்டு விதி போட்டாள். கல்லூரிக் கூட்டம் இனிமேல் மேல்மாடி நீள அறையில்தான் நடக்கும். இந்த வீட்டில் ஒருத்தியின் ஓட்டை இன்னொருத்தி முன்கூட்டிக் கேட்கக்கூடாது.

இதையெல்லாம் புத்தகமாக எழுதியவள் ஹெஸ்டர் தாக்ரே. பதினெட்டு வயதில் யார்க்‌ஷயரிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு ஆல்டிரெத்துக்கு வந்தவள், படித்து முடித்து அங்கேயே பாடம் சொல்லித்தரும் ஃபெலோவாகி, தோட்டத்தைப் பார்த்த இரண்டு அறையிலேயே தலை நரைத்தாள். வேறு வீடு வாசல் அவளுக்குக் கிடையாது. பல்கலைக்கழகம் என்பது தேர்வு வைக்கும், பட்டம் தரும், அவ்வளவுதான். சோறு, படுக்கை, பாடம், சிநேகம், சண்டை எல்லாம் அவரவர் கல்லூரிக்குள். எந்த ஊர்க்காரி என்று யாராவது கேட்டால் ஹெஸ்டர் வாயில் ஊர்ப் பெயர் வராது, கல்லூரிப் பெயர்தான் வரும்.

அந்தக் கல்லூரிக்குத்தான் இப்போது நாள் குறித்திருந்தார்கள்.

ஆண்கள் கல்லூரிகள் ஒவ்வொன்றாகப் பெண்களுக்கும் கதவைத் திறந்துவிட்ட பிறகு, கெட்டிக்காரப் பெண்கள் ஆல்டிரெத்தைத் தேடி வருவது குறைந்துபோனது. கூரை ஒழுகியது. கொதிகலன் வாரத்தில் பாதி நாள் வேலை செய்யவில்லை. ஆற்றங்கரையில் நானூறு வருஷமாக நிற்கும் புனித ஆஸ்வின் கல்லூரிக்காரர்கள் வந்து, எங்களோடு சேர்ந்துவிடுங்களேன் என்றார்கள். பெயர் அவர்களுடையது. உணவுக்கூடம் அவர்களுடையது. ஆல்டிரெத் என்ற பெயரை ஒரு முற்றத்துக்கு வைப்பார்களாம். முதல்வர் ரோவெனா கிரீவ்ஸ் இதை வாசித்தபோது குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அவளும் ஆல்டிரெத்தில் படித்தவள்தான். ஆனால் கூரையின் கணக்கைப் பார்க்கிறவள் அவள்.

பிப்ரவரி மாதத்து ஒரு வியாழக்கிழமை ஓட்டு. யாரையும் கேட்கக்கூடாதே தவிர, யோசிக்கக்கூடாது என்று விதி இல்லை. ஹெஸ்டர் சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யார் ஆஸ்வின்காரர்களின் ஒயினைப் புகழ்கிறாள், யார் பழைய முதல்வர்களின் படத்தை நின்று பார்த்துவிட்டுப் போகிறாள் என்று கவனித்து மனசுக்குள் இரண்டு பக்கமாகப் பிரித்தாள். எப்படிப் பிரித்தாலும் சரிபாதி வந்தது. சரிபாதியானால் மட்டும் முதல்வர் தன் ஓட்டைப் போடுவாள். ரோவெனா எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தக் கணக்கில் மார்ஜரி ஸ்பெல்லோ இல்லை. மார்ஜரி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மார்ஜரி வந்துவிட்டால் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஆல்டிரெத் பிழைக்கும்.

மார்ஜரி எந்தப் பக்கம் போடுவாள் என்ற கேள்வி ஹெஸ்டருக்கு எழவே இல்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்து அறையில் வாழ்க்கையைக் கழித்தவர்கள். மார்ஜரி வேதியியல்காரி. பெண்களைப் பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்துக்குள் விடமாட்டோம் என்ற காலத்தில், ஆல்டிரெத் பெண்கள் தோட்டத்து மூலையில் ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தாங்களே சோதனை செய்துகொண்டார்கள். அந்தக் கொட்டகையில் படித்து, அதிலேயே வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியவள் மார்ஜரி. ஹெஸ்டரின் புத்தகத்தில் கொட்டகைக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. ஆல்டிரெத்தின் உயிர் எது என்று யாராவது கேட்டால் ஹெஸ்டர் அந்த அத்தியாயத்தைத்தான் எடுத்துக் கொடுப்பாள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மார்ஜரி தலையணை அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வராது. நுரையீரல் போய்விட்டது என்று குளிர்காலத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் ஆக்சிஜன் உருளை நின்றது.

"திராட்சை கொண்டு வரலதானே?" என்றாள் மார்ஜரி.

"இல்ல."

"நல்லவ. இந்த வார்டுல திராட்சைக் கூடை வந்தாலே எல்லாரும் அந்தக் கட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விடறாங்க."

ஹெஸ்டர் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். கொதிகலன் மறுபடி நின்றுபோனதையும், சமையலறையில் ஆட்டுக்கறி என்று சொல்லி எதையோ போட்டதையும் சொன்னாள். மார்ஜரி சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாள். பிறகு ஹெஸ்டர் வியாழக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எடுத்தாள். தெரியும் என்றாள் மார்ஜரி. முதல்வரே வந்து சொல்லிவிட்டுப் போனாளாம், சிரமப்பட வேண்டாம், வர முடியாதவர்கள் என்று எழுதிக்கொள்கிறோம் என்று.

"நீ வரணும்," என்றாள் ஹெஸ்டர்.

மார்ஜரி குழாயைச் சரிசெய்துகொண்டு இரண்டு மூச்சு இழுத்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்னு தெரியுமா உனக்கு?"

"படி ஏறக்கூடாதுன்னார்."

"படியா? பாத்ரூமுக்கே நடக்கக்கூடாதுன்னார்."

"நீ நடக்க வேண்டாம். வாசல்ல நிக்கற ஸ்டப்ஸும் தோட்டக்காரரும் நாற்காலியோட தூக்கிருவாங்க. டாக்ஸி சொல்லிட்டேன். ஒரு மணி நேரத்துல திரும்பக் கொண்டு வந்து விட்டுடறேன்."

"எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டுத்தான் வந்திருக்க." மார்ஜரியின் கண்ணில் பழைய குறும்பு எட்டிப்பார்த்தது. "லண்டன்லேர்ந்து ரயில் விட்டாங்கன்னு பக்கம் பக்கமா எழுதினியே. இப்ப நீ விடறதுக்குப் பேர் என்னடி?"

ஹெஸ்டருக்கு முகம் சிவந்தது. "அது வேற. அவங்க ஆளையும் கூட்டிட்டு வந்து, என்ன செய்யணும்னும் சொல்லிக் குடுத்தாங்க. நான் உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா?"

"கேக்கல."

"கேக்கவும் மாட்டேன்."

மார்ஜரி ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே கார் நிறுத்துமிடம், அதற்கப்பால் தண்ணீர் தேங்கிய தட்டை வயல். திரும்பாமலே, "கேட்டாத்தான் என்ன?" என்றாள். "இங்க யாரு இருக்கா? அந்தக் கட்டில்காரம்மாவுக்கு இடி விழுந்தாலும் கேக்காது."

ஹெஸ்டருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கட்டியிருக்கும் துணி விலகியது தெரியாமல் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நோய் மார்ஜரியை இந்த அளவுக்குத் தளர்த்திவிட்டதே என்று நினைத்தாள். மார்ஜரியின் கௌரவத்தை மார்ஜரியிடமிருந்தே காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது.

"இத்தனை வருஷம் கேக்காதவ, இந்த வயசுக்கு மேல கேக்கணுமா?" என்றாள். "நீ வா. அது போதும் எனக்கு."

"போதுமா?"

"போதும்."

"அப்ப சரி," என்றாள் மார்ஜரி. "கூட்டத்துக்குப் போடற என் கறுப்புக் கவுனைக் கொண்டா. அந்துப்பூச்சி தின்னது போக மிச்சம் இருந்தா."

வியாழக்கிழமை வார்டின் தலைமை நர்ஸ் ஹெஸ்டரைப் பார்க்கவே மறுத்துவிட்டாள். மார்ஜரியிடம் மட்டும், உங்கள் சொந்தப் பொறுப்பில் போகிறீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். என் சொந்தப் பொறுப்பில்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று மார்ஜரி பதில் சொன்னாள். வெளியே காற்று கத்திபோல இருந்தது. டாக்ஸியில் ஹெஸ்டர் இரண்டு கம்பளியைப் போர்த்தி, உருளையைத் தன் முழங்காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டாள். பாலம் தாண்டும்போது மார்ஜரியின் உதடு நீலம் பூத்திருந்ததை ஹெஸ்டர் பார்த்தாள். பார்த்துவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டாள்.

கல்லூரி வாசலில் வாசல் காவல்காரர் ஸ்டப்ஸ் தொப்பியைக் கழற்றிக் காத்திருந்தார். தோட்டக்காரரும் அவருமாக நாற்காலியைத் தூக்கினார்கள்.

"நல்லாப் பிடிச்சுக்கங்க மிஸ் ஸ்பெல்லோ. நீங்க விழுந்தா எனக்குக் கெட்ட பேரு."

"நீர் விழுந்தா?"

"அப்பவும் எனக்குத்தான் மிஸ். இந்தக் காலேஜுல எல்லாக் கெட்ட பேரும் வாசலுக்குத்தான் வரும்."

சிரித்தது தப்பாகப் போய்விட்டது. பாதிப் படியில் மார்ஜரிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. படிக்கட்டு திரும்பும் இடத்தில் நாற்காலியை இறக்கி வைத்தார்கள். ஹெஸ்டர் மண்டியிட்டு ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்தாள். இருமல் அடங்கிய பிறகும் மார்ஜரி போகலாம் என்று சொல்லவில்லை. அங்கிருந்த ஜன்னல் வழியாகத் தோட்டத்து மூலையைப் பார்த்தாள். தகரக் கொட்டகை பச்சைப் பெயிண்ட் உதிர்ந்து நின்றது.

"அதுல இப்ப என்ன வெச்சிருக்காங்க?"

"சைக்கிள், மிஸ்," என்றார் ஸ்டப்ஸ்.

"சைக்கிளுக்குப் போதும்," என்றாள் மார்ஜரி. "தூக்குங்க."

நீள அறையில் எல்லோரும் வந்து கறுப்புக் கவுனோடு உட்கார்ந்திருந்தார்கள். மார்ஜரியை உள்ளே கொண்டுவந்தபோது எழுந்து நின்றார்கள். ஆக்சிஜன் உருளையின் சீறல் அந்த அறைக்கு ரொம்பப் பெரிய சத்தமாக இருந்தது. ரோவெனா ஹெஸ்டரை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் ஹெஸ்டர் தாங்கியிருப்பாள். அது ஏதோ, தெரியாத ஒருவரைப் பார்க்கும் பார்வை.

பேச்சு அதிகம் இல்லை. பேச வேண்டியதை எல்லாம் இலையுதிர்காலத்திலேயே பேசி முடித்திருந்தார்கள். ஆஸ்வினோடு சேரும் தீர்மானத்தை ரோவெனா வாசித்தாள். ஆல்டிரெத்தில் இளையவளிலிருந்து தொடங்கி மூத்தவள் வரை ஒவ்வொருத்தியாக வாயால் சொல்ல வேண்டும். பெரியவர்கள் முகத்தைப் பார்த்துச் சின்னவர்கள் மாற்றிக்கொள்ளக்கூடாது என்பதற்காக அந்த வரிசை. சம்மதம், சம்மதமில்லை, மௌனம் என்று மூன்றே பதில்.

எல்லோரிலும் இளையவள் லொரேன். ஹல் துறைமுகத்தில் மீன் இறக்கியவரின் மகள். பொருளாதாரம் சொல்லித்தருகிறவள். கால்சட்டை போட்டுக்கொண்டு உணவுக்கூடத்துக்கு வருவாள், சிநேகிதனைப் பார்க்க வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்வினுக்குப் போவாள். அவளை ஹெஸ்டர் யோசிக்காமலே சம்மதப் பக்கம் போட்டு வைத்திருந்தாள்.

"மௌனம்," என்றாள் லொரேன்.

யாரோ நாற்காலியில் அசைந்தார்கள். மீதிப் பேர் ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல, ஹெஸ்டர் மனசில் போட்டிருந்த கணக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒயினைப் புகழ்ந்தவர்கள் சம்மதம் என்றார்கள். படங்களை நின்று பார்த்தவர்கள் சம்மதமில்லை என்றார்கள். ஹெஸ்டரின் முறை வந்தபோது இரண்டு பக்கமும் சமமாக நின்றது.

"சம்மதமில்லை," என்றாள் ஹெஸ்டர்.

ஒன்று கூடிவிட்டது. லொரேனின் மௌனத்தால் கூடிவிட்டது. மிச்சம் இருப்பது மார்ஜரி மட்டும். அவள் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. படியேறி வந்திருக்கவும் வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே தூங்கிக்கொண்டிருந்தாலும் ஆல்டிரெத் இன்றைக்குப் பிழைத்திருக்கும். பாவம், வீணாகச் சிரமம் கொடுத்துவிட்டேனே என்று ஹெஸ்டர் நினைத்தாள். நினைக்கும்போதே தொண்டைக்குள் சிரிப்பு மாதிரி ஒன்று ஏறியது. சந்தோஷத்தை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மிஸ் ஸ்பெல்லோ," என்றாள் ரோவெனா.

மார்ஜரி முகமூடியைக் கழற்றினாள். மூச்சைக் கூட்டிச் சேர்க்க அவளுக்கு நேரம் ஆனது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"சம்மதம்."

இருமல் கலக்காத சுத்தமான குரல். ஹெஸ்டர் நிமிர்ந்தாள்.

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று ரோவெனா மெதுவாகக் கேட்டாள்.

"சரியாத்தான் கேட்ட. இன்னொரு தரம் சொல்ல மூச்சில்ல."

இரண்டு பக்கமும் மறுபடி சமம். ரோவெனா மேஜைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்தாள். தன் கையைப் பார்த்துக்கொண்டே, "சம்மதம்," என்றாள்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. லொரேன்தான் முதலில் எழுந்து மார்ஜரியின் நாற்காலிக்கு வந்து, கம்பளியை எடுத்து ஒழுங்காகப் போர்த்திவிட்டாள். ஹெஸ்டர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

திரும்பும் டாக்ஸியில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஓட்டுப் போட்ட பிறகும் ஏன் என்று கேட்பது ஆல்டிரெத்தில் வழக்கமில்லை. பாலம் வரை ஹெஸ்டர் அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்?" என்றாள்.

மார்ஜரி கண்ணைத் திறக்காமல், "கடைசியில கேட்டுட்ட," என்றாள். பிறகு, "உன் புத்தகத்துல கொட்டகையைப் பத்தி எழுதினியே, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டின. நான் என்ன திருத்தினேன், ஞாபகம் இருக்கா?"

"ஜன்னல். ரெண்டுன்னு எழுதியிருந்தேன். ஒண்ணுன்னு மாத்தின."

"அதுக்கு மேல எனக்குத் திருத்தத் தெரியல." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் உருளை சீறியது. "நீ அவ்வளவு அழகா எழுதியிருந்த. ஒத்தை ஜன்னல், ஹெஸ்டர். குளிருக்கு அதையும் சாத்தி வெப்போம். குளோரின், கந்தகம், என்னென்னமோ. சாயங்காலம் வெளிய வந்தா எச்சில் மஞ்சளா இருக்கும். ஐலீன் ஐம்பது வயசைப் பார்க்கல. அந்தச் சின்னவ, பேர் என்ன, நாய்க்குட்டி மாதிரி சிரிப்பாளே, அவ நாற்பதையே பார்க்கல. நீ அதை எங்க வீரம்னு எழுதின. உள்ளே விடமாட்டேன்னு சொன்னவங்க வாசல்ல நாங்க போய் நின்னு கத்தியிருந்தா அது வீரம். நாங்க பொந்துக்குள்ள போய் மூச்சு முட்டிக்கிட்டோம். அப்புறம் அந்தப் பொந்தையே பெருமைன்னோம்."

"என்னை நம்பிச் சொல்லியிருக்கலாமே."

"உன்னை நம்பாம இல்ல. நீ அந்த அத்தியாயத்தைத்தான் எல்லாருக்கும் காட்டுவ." மார்ஜரி கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "போன கோடையில ஆஸ்வின் லேபுக்கு ஒரு பொண்ணு என்னைக் கூட்டிட்டுப் போனா. என்கிட்ட படிச்சவதான். இருபது பேரு வேலை செய்யறாங்க. மூக்குல ஒரு வாடை இல்லடி. அங்க ஒரு ஸ்டூல்ல உக்காந்து அழுதேன். அவ பயந்துபோய் டீ வாங்கப் போயிட்டா."

ஹெஸ்டர் ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டியது ஒன்று மிச்சம் இருந்தது. கேட்காமல் விடலாம். ஆனால் ஒரு தரம் கேட்டாயிற்று.

"திங்கட்கிழமை நான் கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பேன்."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டுக் கட்டில்லயே கிடந்திருப்பேன். உன்னை எதிர்த்து ஓட்டுப் போட அந்தப் படி ஏற எனக்கென்ன பைத்தியமா? ரோவெனா வரவேண்டாம்னுதானே சொன்னா. நிம்மதியா இருந்துச்சு எனக்கு. நீ வந்து நின்ன. கேளுன்னு சொல்லிப் பார்த்தேன். நீ மாட்டேன்னுட்ட."

"மௌனம்னு சொல்லியிருக்கலாம். அந்தப் பொண்ணு சொன்னாளே."

"அவளுக்கென்ன, அப்புறமாப் பேச ஆயுசு கிடக்கு," என்றாள் மார்ஜரி. "அந்த அறையில போய் உக்காந்தப்புறம் எனக்குப் பொய் சொல்ல வராது. உனக்கும் வராது. நம்மள அப்படித்தான் வளர்த்தாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியோடு நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். மாற்றி உட்கார வைக்கும்போது மார்ஜரி ஹெஸ்டரின் கையைப் பிடித்தாள். விரல்கள் ஐஸாக இருந்தன. ஹெஸ்டர் கையை உடனே விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் பதிலுக்கு இறுக்கவும் இல்லை. கவுனை மடித்து மடியில் வைத்துவிட்டு டாக்ஸிக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை அவள் பார்க்கப் போகவில்லை. கோபம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அறையில் உட்கார்ந்து தன் புத்தகத்தை எடுத்து அந்த அத்தியாயத்தைப் பிரித்தாள். 'ஒரே ஜன்னல் கொண்ட அந்த எளிய கொட்டகையில்' என்று ஆரம்பித்தது. அன்று அந்தத் திருத்தத்தைப் பார்த்துத் தான் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்பது நினைவுக்கு வந்தது. எவ்வளவு நுணுக்கமாகப் படித்திருக்கிறாள் என்று மார்ஜரிக்கு நன்றி சொல்லி முன்னுரையில் ஒரு வரி எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஸ்டப்ஸ் வந்து கதவைத் தட்டினார். தொப்பி கையில் இருந்தது. நெஞ்சில் சளி கட்டி மார்ஜரி வெள்ளிக்கிழமை முழுவதும் போராடியிருக்கிறாள். விடியும் நேரத்தில் முடிந்துவிட்டது. ஹெஸ்டர் போய்ச் சேர்ந்தபோது கட்டிலின் விரிப்பை உருவிவிட்டிருந்தார்கள். டாக்டர் இளைஞர். குற்றம் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. எப்படியும் அதிக காலம் இல்லை, வசந்தம் முடியும் வரை தாங்கியிருப்பார், ஒருவேளை கோடையையும் பார்த்திருப்பார் என்று சொல்லிவிட்டு, சொன்னபிறகுதான் ஹெஸ்டரின் முகத்தைக் கவனித்துப் பேச்சை நிறுத்தினார். பக்கத்துக் கட்டிலில் காது கேட்காத அம்மாள் திராட்சை தின்றுகொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து கல்லூரியில் டீயும் கேக்கும் கொடுத்தார்கள். லொரேன் கோப்பையோடு ஹெஸ்டர் அருகில் வந்து நின்றாள். வேறு எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளாத என்னை இங்கேதான் சேர்த்துக்கொண்டார்கள், இடிக்கவும் மனசு வரவில்லை, காப்பாற்றவும் காரணம் கிடைக்கவில்லை, அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்றாள். என்மேல் கோபமா என்றும் கேட்டாள். இல்லை என்றாள் ஹெஸ்டர். நிஜமாகவே இல்லை. இந்தப் பெண்ணோடு இரண்டு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டும், அவள் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தனக்குத் தெரியாது என்பதுதான் அப்போது உறைத்தது. அதையும் அவள் கேட்கவில்லை.

இலையுதிர்காலத்தில் எல்லோரும் ஆஸ்வினுக்குப் போனார்கள். கொட்டகையை ஒரே காலையில் பிரித்துவிட்டார்கள், லாரியில் பாதிகூட நிரம்பவில்லை. ஹெஸ்டருக்கு ஆற்றைப் பார்த்த அறை கொடுத்தார்கள், நல்ல அறை, வெந்நீர் எந்நேரமும் வந்தது.

முதல் வாரம் பெரிய உணவுக்கூடத்தில் ஆசிரியர்கள் உட்காரும் உயர்மேஜையில் அவளுக்கு இடம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் பர்விஸ் என்ற சட்டக்காரர், வயதானவர், மீசையில் கிரேவி. ஆட்டுக்கறி மிருதுவாக வெந்திருந்தது. மறுநாள் ஆஸ்வினில் ஒரு கூட்டம் இருந்தது. முற்றத்துப் புல்தரையில் மாணவர்கள் உட்காரலாமா கூடாதா என்று நானூறு வருஷமாக முடிவாகாத விவகாரம். மேஜை முழுக்க அதே பேச்சு. நான் சம்மதம், நீ என்ன, அவன் போன தடவை மாறிவிட்டான், இந்தத் தடவை அவனைப் பிடித்து வைக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் வாயில் கறியோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஹெஸ்டர் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்தாள். எழுந்து போய்விட வேண்டும் என்று கால்கள் பரபரத்தன. மேஜையின் மறுகோடியில் ரோவெனா இவளைப் பார்த்துவிட்டு, பார்வையைத் தன் தட்டுக்கு இறக்கிக்கொண்டாள்.

பர்விஸ் இவள் பக்கம் சாய்ந்தார்.

"நாளைக்கு நீங்க எந்தப் பக்கம், மிஸ் தாக்ரே?"

ஹெஸ்டர் முள்கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள்.

"உட்காரட்டும்," என்றாள். "சம்மதம்."

"அப்படியா? நானும் அதான்," என்றார் பர்விஸ். "அந்த உப்பை இப்படிக் கொஞ்சம் தள்ளுறீங்களா?"

அவள் தள்ளினாள்.